வாசகர் கேள்வி பதில்: இயர்புக்ல உங்க பேர் இருக்கா?

போன இதழ்ல அமெரிக்க யூனிவர்சிட்டிகள்ல வருஷா வருஷம் ஸ்டூடண்ட்ஸே சேர்ந்து போடற இயர்புக் பத்தி ஒரு சின்ன குறிப்பு வந்திருந்தது. அந்த வருஷம் படிச்சவங்க போட்டோ, ஹாஸ்டல் வாழ்க்கை, மேட்ச், கல்ச்சுரல்ஸ், போராட்டம், எல்லாம் கெட்டி அட்டை போட்ட ஒரே புத்தகத்துல இருக்கும்னு எழுதியிருந்தோம். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல, அதனால இந்த தடவை முழுக்க அதே விஷயம்தான்.

என் பொண்ணு டெக்சாஸ்ல எம்.எஸ். படிக்கிறா. அவ யூனிவர்சிட்டியில இயர்புக் இருக்காம், வாங்கணும்னா கிட்டத்தட்ட 100 டாலர் ஆகும்ங்கறா. ரெண்டு வருஷம் படிக்கப் போனவளுக்கு அது தேவையா? அதுல அப்படி என்னதான் இருக்கும்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

தேவையான்னு கேட்டா, முதல்ல போட்டோ எடுத்துக்கச் சொல்லுங்கம்மா, வாங்கறதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். ஏன்னா பல யூனிவர்சிட்டிகள்ல போட்டோ எடுத்துக்க காசு கிடையாது, புக் வாங்கத்தான் காசு, ஆனா இந்த விஷயம் வெளிநாட்டு பசங்க நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. எம்.எஸ்., பி.எச்.டி. பசங்க "இது அண்டர்கிராஜுவேட் சமாச்சாரம்"னு நினைச்சு விட்டுடறாங்க. முன்கூட்டியே பேர் குடுத்து நேரம் புக் பண்ணிக்கணும், அவங்க குறிச்ச வாரத்துல போய் உட்காரணும், அவ்வளவுதான். தவறவிட்டா அந்த வருஷத்துப் புக்ல அவ இல்ல, பிற்பாடு சேர்க்கவும் வழி கிடையாது.

உள்ள என்ன இருக்கும்னா, டெக்சாஸ்லயே உதாரணம் சொல்றேன். ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யூனிவர்சிட்டியோட இயர்புக் பேர் 'கேக்டஸ்', 1894லேர்ந்து வருது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்ல 'ஆகிலேண்ட்', அது 600 பக்கத்துக்கு மேல போற பெரிய புக், மடியில வெச்சுப் படிக்க முடியாது. முதல் பாதி ஸ்டூடண்ட் லைஃப், அந்த வருஷம் கேம்பஸ்ல என்ன நடந்தது, எங்க சாப்பிட்டாங்க, எந்த மேட்சுக்கு ராத்திரியே போய் வரிசையில நின்னாங்கன்னு. அப்புறம் படிப்பு, விளையாட்டு, கிளப்கள், அதுக்கப்புறம் வரிசை வரிசையா முகங்கள், கடைசில இண்டெக்ஸ். எனக்கு அந்த இண்டெக்ஸ்தான் ரொம்பப் பிடிச்ச இடம், யார் பேர் எந்தெந்த பக்கத்துல வருதுன்னு அகர வரிசையில இருக்கும், ஒரு ஆள் அந்த வருஷம் எங்கெல்லாம் இருந்தாருங்கறது அந்த ஒரு வரியிலயே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், உங்க பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. கிளப் பக்கங்கள் பல இடத்துல தானா வராது, அந்த சங்கமே கேட்டு, காசு கட்டி பக்கம் வாங்கணும். தமிழ்ச் சங்கமோ இந்தியன் ஸ்டூடண்ட்ஸ் அசோசியேஷனோ பொங்கல், தீபாவளின்னு 500 பேருக்கு சமைச்சுப் போட்டு கொண்டாடியிருப்பாங்க, ஆனா இயர்புக்கைப் புரட்டினா அவங்க இருந்த சுவடே இருக்காது, காரணம் யாரும் அந்த ஃபாரத்தை நிரப்பலைங்கறது மட்டும்தான்.

இந்த பழக்கத்தை யார் எப்போ ஆரம்பிச்சாங்க?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அமெரிக்காவோட முதல் காலேஜ் இயர்புக்னு வழக்கமா சொல்றது யேல் காலேஜ்ல 1806ல படிச்சு முடிச்ச செட்டோடதை. அப்போ போட்டோவே கண்டுபிடிக்கல, அதனால பசங்களோட பக்கவாட்டு முகத்தை நிழலுருவமா வெட்டி சேர்த்திருந்தாங்க. மூக்கு, தாடை, முடி, அவ்வளவுதான் தெரியும்.

போட்டோ வந்த புதுசுலயும் பெருசா மாறல, ஏன்னா ஆரம்பத்துல ஒரு தகட்டுல ஒரு படம்தான், காப்பி எடுக்க முடியாது. கண்ணாடி நெகட்டிவ் வந்தப்புறம்தான் ஒரே முகத்தை வேண்டிய அளவு பிரிண்ட் போட முடிஞ்சது. பாஸ்டன்ல ஜார்ஜ் வாரன்னு ஒரு போட்டோகிராஃபர் இதைப் பிடிச்சுக்கிட்டார். 1860கள்ல பெரிய காலேஜ்களுக்கெல்லாம் போய் கிளாஸ் மொத்தத்தையும் படம் எடுப்பார், பசங்க தங்களுக்குப் பிடிச்ச நண்பர்கள், வாத்தியார்கள், கட்டடங்களோட பிரிண்டா பார்த்து வாங்கி, ஆல்பமா பைண்ட் பண்ணிப்பாங்க. அதனால ஒரே கிளாஸ்ல ரெண்டு பேர் ஆல்பம் ஒரே மாதிரி இருக்காது, யார் யாருக்கு நெருக்கம்னு ஆல்பத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். உண்மையைச் சொன்னா, அச்சடிச்ச புக்கை விட எனக்கு இந்த ஆல்பங்கள் மேல ஆசை அதிகம்.

1880கள்ல ஹாஃப்டோன் பிளாக் வந்துச்சு. நம்ம ஊர் பிரஸ்காரங்க 'பிளாக் எடுக்கறது'ன்னு சொல்வாங்களே, அதேதான், போட்டோவை புள்ளி புள்ளியா மாத்தி எழுத்தோட சேர்த்தே அச்சடிக்கற முறை. படத்தை ஒட்ட வேண்டியதில்ல, செலவும் குறைஞ்சது, அவ்வளவுதான், ஒவ்வொரு யூனிவர்சிட்டியா இயர்புக் போட ஆரம்பிச்சுட்டாங்க. எம்.ஐ.டி.யோட 'டெக்னிக்', பர்டூவோட 'டெப்ரி', வர்ஜீனியாவோட 'கார்க்ஸ் அண்ட் கர்ல்ஸ்', இல்லினாய்ஸோட 'இல்லியோ', கடற்படை அகாடமியோட 'லக்கி பேக்', மிச்சிகனோட 'மிச்சிகனென்சியன்', எல்லாமே 1885லேர்ந்து ஒரு பத்துப் பன்னெண்டு வருஷத்துக்குள்ள பிறந்ததுதான்.

பேரெல்லாம் ஏன் இப்படி விசித்திரமா இருக்கு?
- ஒரு வாசகர், மதுரை

அந்தந்த கேம்பஸ் பசங்க மட்டும் புரிஞ்சுக்கற பேச்சுலேர்ந்து எடுத்ததுதான் பாதிக்கு மேல. கப்பல்ல யாரோ விட்டுட்டுப் போன சாமானையெல்லாம் போட்டு வைக்கற பைக்குத்தான் மாலுமிங்க லக்கி பேக்னு பேர் வெச்சிருந்தாங்க. வர்ஜீனியாவுல 'கார்க்'னா கேள்வி கேட்டா மூடி போட்ட பாட்டில் மாதிரி வாயைத் திறக்காம நிக்கற ஸ்டூடண்ட், 'கர்ல்'னா நல்லா பதில் சொல்லி பாராட்டு வாங்கறவன்.

இந்த இயர்புக்ல எல்லாரும் இருப்பாங்களா? எங்க காலேஜ் மலர்ல எப்பவும் யூனியன்காரங்க போட்டோவும் கரஸ்பாண்டண்ட் போட்டோவும்தான் இருக்கும், அதான் கேட்டேன்.
- ஒரு வாசகி, சேலம்

நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

எல்லாரும் இருக்க மாட்டாங்க. ஆரம்பத்துலேர்ந்தே இது யார் கையில இருந்துச்சோ அவங்க முகம்தான். வட கரோலினா யூனிவர்சிட்டியில 1890ல ஆரம்பிச்ச புக்குக்கு 'ஹெலெனியன்'னு பேர், அதைப் போட்டது ஃபிரட்டர்னிட்டிகள், அதாவது உறுப்பினரை அவங்களே பார்த்துப் பார்த்து சேர்த்துக்கற பசங்க சங்கங்கள். அதுக்கப்புறம் 1901ல வந்த 'யாக்கெட்டி யாக்'தான் அந்த வட்டத்தைத் தாண்டினது. மிச்சிகன்லயும் இதே கதை, 'பல்லேடியம்' ஃபிரட்டர்னிட்டிகாரங்களோடது, சங்கத்துல சேராத பசங்க எங்களுக்கும் ஒண்ணு வேணும்னு 'காஸ்டாலியன்' போட்டாங்க, 1890கள் கடைசில ரெண்டும் சேர்ந்துதான் மிச்சிகனென்சியன் ஆச்சு. அந்த சண்டையில எனக்கு சங்கத்துல சேராத பசங்க பக்கம்தான் மனசு போகுது, குறை சொல்லிட்டு சும்மா இருக்காம சொந்தமா புக் போட்டாங்களே.

கறுப்பின மக்களுக்கு வெள்ளைக்கார யூனிவர்சிட்டிகள் கதவையே திறக்காத காலத்துல ஹோவர்ட் மாதிரியான கறுப்பின யூனிவர்சிட்டிகள் தங்களோட இயர்புக்கைத் தாங்களே போட்டாங்க. ஹோவர்டோட 'பைசன்' 1920கள்லேர்ந்து இருக்கு, டாக்டருக்குப் படிக்கறவங்க, வக்கீலுக்குப் படிக்கறவங்க, டிபேட் டீம், ஃபுட்பால் டீம்னு வரிசையா இருக்கும். அன்னிக்கு பெரிய பத்திரிகைகள் கறுப்பினத்தவரைக் காட்டின விதமே வேற, அதனால அந்த முகங்களை அவங்க விரும்பின கோலத்துலயே பார்க்கணும்னா இந்த மாதிரி புக்குகளைத்தான் தேடணும்.

இதோட இருட்டுப் பக்கமும் அதே அலமாரியில இருக்கு. 2019ல வர்ஜீனியா கவர்னரா இருந்த ரால்ஃப் நார்தமோட 1984 மெடிக்கல் காலேஜ் இயர்புக் பக்கம் வெளிய வந்துச்சு. அதுல ஒருத்தர் கறுப்பினத்தவரைக் கிண்டல் பண்ற மாதிரி முகத்துல கறுப்பு பூசிக்கிட்டு, பக்கத்துல இன்னொருத்தர் வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானோட அங்கி போட்டுக்கிட்டு நிக்கற படம். முதல் நாள் மன்னிப்பு கேட்டார், மறுநாள் அது நான் இல்லன்னார், காலேஜ் விசாரணை வெச்சும் படத்துல இருக்கறது யாருன்னு உறுதியா கண்டுபிடிக்க முடியல. படத்துக்குக் கீழ பேர் இல்ல. அதுக்கப்புறம் பத்திரிகைக்காரங்க நூத்துக்கணக்கான பழைய இயர்புக்கைப் புரட்டினாங்க, அதே மாதிரி படங்கள் பல மாநிலங்கள்லேர்ந்து வந்துக்கிட்டே இருந்துச்சு. இதெல்லாம் ஒளிச்சு வெச்ச புக் இல்ல, லைப்ரரியில 35 வருஷமா இருந்ததுதான். சில பேர் இந்த மாதிரி பக்கங்களை ஸ்கேன்லேர்ந்து எடுத்துடலாமேங்கறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். எடுத்துட்டா அந்த கேம்பஸ்ல அன்னிக்கு படிச்ச கறுப்பின பசங்க என்ன பட்டாங்கங்கறதுக்கு இருக்கற சாட்சியும் போயிடும்.

போர், கலவரம்னு வந்தா இந்த மாதிரி புத்தகங்கள் என்ன ஆகுது? அப்பவும் சந்தோஷமா சிரிச்ச முகங்களைத்தான் போடுவாங்களா?
- ஒரு வாசகர், டொராண்டோ

ரெண்டு விஷயம் சொல்றேன், ரெண்டாவது யூனிவர்சிட்டி இல்ல, ஸ்கூல், ஆனா சொல்லாம விட மனசு வரல.

முதல்ல கென்ட் ஸ்டேட், ஒஹாயோ. 1970 மே 4, வியட்நாம் போரை எதிர்த்து கூடின ஸ்டூடண்ட்ஸ் மேல நேஷனல் கார்ட் படைக்காரங்க சுட்டாங்க, 13 செகண்ட், 4 பேர் இறந்தாங்க, 9 பேருக்குக் காயம், அன்னிக்கே யூனிவர்சிட்டியை மூடிட்டாங்க. அன்னிக்கு கேமராவோட மைதானத்துல இருந்தவங்கள்ல ஸ்டூடண்ட்ஸே நிறைய பேர். இறந்தவர் பக்கத்துல மண்டி போட்டு ஒரு பொண்ணு கதறற படம் உலகம் முழுக்க போச்சே, அதை எடுத்த ஜான் ஃபிலோவும் அங்க படிச்சுக்கிட்டிருந்தவர்தான், 1971ல அதுக்கு புலிட்சர் விருது கிடைச்சுது. அந்த யூனிவர்சிட்டி இயர்புக்குக்கு அப்போ பேர் 'செஸ்ட்நட் பர்'. ஒரே வருஷத்துக்குள்ள டான்ஸும் மேட்சும் இந்த சாவும் நடந்திருக்கு, 20 வயசு எடிட்டர் இதையெல்லாம் எந்த வரிசையில வெப்பாங்க, எந்த படத்தை எந்த படத்துக்கு எதிர்ப்பக்கத்துல போடுவாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

ரெண்டாவது, ரெண்டாம் உலகப் போர். 1942ல அமெரிக்க அரசாங்கம் மேற்குக் கடற்கரையில இருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரங்களை முகாம்களுக்குக் கொண்டுபோச்சு, மொத்தம் சுமார் 1,20,000 பேர், பெரும்பாலானவங்க அமெரிக்கக் குடிமக்கள். கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியில மட்டும் சுமார் 700 பேர் படிப்பைப் பாதியில விட வேண்டியதா போச்சு. அவங்களுக்கு கௌரவப் பட்டம் குடுக்கறதுன்னு யூனிவர்சிட்டி முடிவு பண்ணது 2009ல, 67 வருஷம் கழிச்சு, அதுக்குள்ள பல பேர் உயிரோடவே இல்ல.

இந்த முகாம்கள்ல மன்சனார்னு ஒண்ணு, கலிஃபோர்னியாவோட வறண்ட பள்ளத்தாக்குல, சுத்தி முள்கம்பி, காவல் கோபுரம், உள்ள 10,000 பேர். அங்க நடந்த ஹைஸ்கூல் பசங்க 1944ல 'அவர் வேர்ல்ட்'னு ஒரு இயர்புக் போட்டாங்க. கிளாஸ் போட்டோ, நாடகம், கிளப்கள்னு மத்த அமெரிக்க ஸ்கூல் பசங்க புக் எப்படி இருக்குமோ அப்படியே. டோயோ மியாடாகேன்னு லாஸ் ஏஞ்சலஸ்ல பெரிய பேர் வாங்கின போட்டோகிராஃபரும் அதே முகாம்லதான் அடைபட்டிருந்தார். கேமரா கொண்டுவரக்கூடாதுன்னு தடை, அதனால லென்ஸை ஒளிச்சுக் கொண்டுவந்து, உள்ள மரப்பெட்டியில கேமரா செஞ்சு படம் எடுக்க ஆரம்பிச்சார், பிற்பாடு முகாம் நிர்வாகமே அவரை ஏத்துக்கிச்சு. முகாம் மூடற வருஷம் 1945ல வந்த 'வலெடிக்ஷன்'ங்கற இயர்புக்ல அவர் எடுத்த ஒரு படம் இருக்கு. ஒரு கை, அதுல கம்பி வெட்டற கட்டர், அதோட வாய் முள்கம்பியைக் கவ்வியிருக்கு, பின்னாடி காவல் கோபுரம். முகம் எதுவும் இல்ல. ஒரு ஸ்கூல் பசங்க புத்தகத்துல, அவங்களை அடைச்சு வெச்ச அரசாங்கத்தோட முகாமுக்குள்ளயே அச்சுக்குத் தயாரான படம் இது.

நாங்க இன்ஜினியரிங் ஃபைனல் இயர், எங்க டிபார்ட்மெண்டுக்கு ஒரு இயர்புக் போடணும்னு பிளான். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது சார்?
- ஒரு மாணவர், சென்னை

பக்கத்தை எண்றதுலேர்ந்து ஆரம்பிங்க தம்பி. பிரஸ்ல 16 பக்கம் ஒரு ஃபாரம், அதனால 80, 96, 112ன்னுதான் போகணும், 101 பக்கம்னு முடிவு பண்ணா மிச்சம் வெத்துப் பக்கமா நிக்கும், இல்லன்னா கூடுதல் செலவு. அமெரிக்காவுல இயர்புக் ரூம் சுவத்துல 'லேடர்'னு ஒரு சார்ட் ஒட்டியிருப்பாங்க, முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் எதிரெதிர்ப் பக்கமா கட்டம் போட்டு, எதுல என்ன வருது, யார் பொறுப்பு, என்னிக்கு முடியணும்னு எழுதியிருக்கும். மொத்தத்தையும் கடைசி நாள்ல குடுக்க மாட்டாங்க, ஃபாரம் ஃபாரமா முடிச்சு அனுப்புவாங்க. நீங்களும் ஆகஸ்ட்லயே முதல் 16 பக்கத்தை முடிச்சுடுங்க, செமஸ்டர், பிளேஸ்மெண்ட், ப்ராஜெக்ட் ரிவ்யூ எல்லாம் சேர்ந்து வரும்போது யாரும் உட்கார மாட்டாங்க.

ஃபேர்வெல்லுக்கு முன்னாடி புக் கையில வேணுமா, இல்ல ஃபேர்வெல்லும் புக்குக்குள்ள வரணுமான்னு முதல்லயே முடிவு பண்ணணும். ரெண்டும் சேர்ந்து நடக்காது. அங்கயும் இதே பிரச்சனைதான், சில காலேஜ்ல கோர்ஸ் முடியறப்பவே கையில குடுத்துடுவாங்க, பட்டமளிப்பு அதுல இருக்காது, சில காலேஜ்ல எல்லாம் முடிஞ்சு இலையுதிர் காலத்துல வீட்டுக்கு அனுப்புவாங்க. என்னைக் கேட்டா லேட்டானாலும் முழுசா இருக்கறதுதான் நல்லது, ஆனா ஒருத்தருக்கொருத்தர் புக்ல எழுதிக்கறது நடக்காம போயிடும், அந்த நஷ்டத்தையும் யோசிச்சுக்கோங்க.

இப்ப முக்கியமானது. பேர். குரூப் போட்டோவுல நிக்கற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதுங்க, இடமிருந்து வலம், முதல் வரிசை, ரெண்டாவது வரிசைன்னு. 'நண்பர்களுடன்', 'மறக்க முடியாத தருணம்'னு போடறதெல்லாம் கேப்ஷன் இல்ல, இன்னிக்கு உங்களுக்கு எல்லாரையும் தெரியும், 30 வருஷம் கழிச்சு உங்களுக்கே பாதிப் பேர் ஞாபகம் இருக்காது. அமெரிக்காவுல குடும்பப் பேர் இருக்கு, நமக்கு இனிஷியல். எஸ். குமார்னு ஒரே செட்ல மூணு பேர் இருப்பாங்க, பொண்ணுங்களுக்குக் கல்யாணத்துக்கப்புறம் பல பேருக்கு இனிஷியலே மாறிடுது, அப்புறம் எப்படி தேடுவீங்க? அதனால இனிஷியலை விரிச்சு அப்பா பேரோ அம்மா பேரோ முழுசா, கூடவே சொந்த ஊர். போன் நம்பர், வீட்டு அட்ரஸ் போடாதீங்க, அது தப்பான கைக்குப் போகும். போட்டோ வேண்டாம்னு சொல்றவங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க, பேரை மட்டுமாவது போடலாமான்னு கேளுங்க.

மெஸ் அண்ணன், லேப் அசிஸ்டெண்ட், பஸ் டிரைவர், ஹாஸ்டல்ல கூட்டிப் பெருக்கற அக்கா, இவங்களையும் சேருங்க, அவங்களுக்கும் முழுப் பேர் போடுங்க. பழைய இயர்புக்ல நான் ரொம்ப வருத்தப்படற இடம் இது, சமையக்கட்டு படம் இருக்கும், கரண்டியோட நிக்கறவர் பேர் மட்டும் இருக்காது.

மெஸ் மெனு, பஸ் பாஸ் விலை, டீக்கடை டீ விலை, அந்த வருஷம் எல்லாரும் பேசிக்கிட்ட வார்த்தைகள், இதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க. அந்தக் காலத்து புக்ல கடைசிப் பக்கங்கள்ல உள்ளூர் டெய்லர், பேங்க், சோடாக்கடை விளம்பரம் வரும், இப்ப ஆராய்ச்சி பண்றவங்க முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் திறக்கறாங்க.

இன்ஸ்டாகிராம் இருக்கற காலத்துல அச்சடிச்ச இயர்புக் எதுக்கு? அமெரிக்காவுலயே நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டேன்.
- ஒரு வாசகர், ஓசூர்

நிறைய நின்னு போச்சு, உண்மைதான். 1889ல ஆரம்பிச்ச பர்டூவோட 'டெப்ரி' 2008ல நின்னுது. வர்ஜீனியாவோட 'கார்க்ஸ் அண்ட் கர்ல்ஸ்' கிட்டத்தட்ட அதே சமயத்துல நின்னு, சில வருஷம் கழிச்சு பழைய மாணவர்கள் உதவியோட திரும்ப வந்துச்சு. வாங்கறவங்க குறைஞ்சா ஒரு புக்கோட விலை ஏறும், விலை ஏறினா இன்னும் குறைவா வாங்குவாங்க. 40,000 பேர் படிக்கற இடத்துல யாருக்கும் யாரையும் தெரியாதுங்கறதும் ஒரு காரணம், அதனாலதான் ஸ்கூல் இயர்புக் இன்னும் நல்லா ஓடுது, யூனிவர்சிட்டி புக்தான் தள்ளாடுது. 2004ல ஃபேஸ்புக் ஆரம்பிச்சதும் ஹார்வர்ட் ஹாஸ்டல் ரூம்லதான், புது ஸ்டூடண்ட்ஸ் முகத்தைக் காட்டற டைரக்டரியோட பேர்தான் அதுக்கே வெச்சாங்க.

ஆனா இன்ஸ்டா ஈடாகுமான்னா, ஆகாதுன்னுதான் சொல்வேன். உங்க அக்கவுண்ட்ல உங்க நண்பர்கள் இருப்பாங்க, உங்களோட பேசாதவங்க இருக்க மாட்டாங்க. இயர்புக்ல உங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உட்கார்ந்து யாரோடயும் ஒட்டாம போன பையனும் அதே அளவு கட்டத்துல இருப்பான். ஆர்குட்ல நம்ம பசங்க போட்ட ஆல்பமெல்லாம் இப்ப எங்க? 2014ல சர்வீஸையே மூடிட்டாங்க, டவுன்லோட் பண்ணி வெச்சவங்க எத்தனை பேர்? 1897ல அச்சடிச்ச புக்கை இன்னிக்கும் திறந்து படிக்க முடியுது, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம்.

நாங்கள் படிச்ச காலத்தில் எங்கட கல்லூரிகளிலயும் ஆண்டு மலர்கள் வந்தது. அமெரிக்கக் கதை எல்லாம் சரி, இதுகளைப் பற்றி ஏன் ஒருத்தரும் கதைக்கிறதில்லை?
- ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

நீங்க கேட்டது நியாயம் ஐயா. நம்ம பக்கத்துல முகங்களோட ஆல்பம்ங்கறதை விட எழுத்தோட மலர்ங்கறதுதான் பழக்கம். சென்னையில 'மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகஸின்' 1883லயே வந்துச்சு, அது ஸ்டூடண்ட் புக்குங்கறதை விட பெரிய அறிவுப் பத்திரிகை. உங்க பக்கம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோட 'மிஸ்ஸலனி', யாழ் இந்துவோட 'இந்து இளைஞன்', பேராதனை தமிழ்ச் சங்கத்தோட 'இளங்கதிர்', இதுல எல்லாம் சங்க அறிக்கை, விளையாட்டுப் போட்டி முடிவு, பரிசு வாங்கினவங்க பட்டியல், இறந்துபோன ஆசிரியருக்கு அஞ்சலி, பசங்களோட முதல் கதை, முதல் கவிதை எல்லாம் இருக்கும்.

1981ல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சப்போ சுமார் 97,000 நூல்கள் போச்சு. அதுக்கப்புறம் போர், இடப்பெயர்வு, வீட்டு அலமாரியில இருந்ததும் பல குடும்பத்துல போச்சு. அதனால மிஞ்சின ஒவ்வொரு மலரும் பெரிய விஷயம். 2005ல ஆரம்பிச்ச நூலகம் நிறுவனம் இதையெல்லாம் தேடித் தேடி ஸ்கேன் பண்ணி இணையத்துல இலவசமா வெக்கறாங்க. அமெரிக்காவுல வட கரோலினாவுல மாநிலம் முழுக்க இருக்கற காலேஜ், ஸ்கூல் இயர்புக்கையெல்லாம் ஒரே இடத்துல டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, அதுக்குப் பின்னாடி பெரிய யூனிவர்சிட்டியும் அரசாங்கப் பணமும் இருக்கு. நூலகம் நிறுவனத்துக்குப் பின்னாடி இருக்கறது தன்னார்வலர்களும் நன்கொடையும். தமிழ்நாட்டுல இவ்வளவு காலேஜ் இருந்தும் மலர்களுக்குன்னு ஒரே இடத்துல அப்படி ஒரு முயற்சி பெருசா கிளம்பலயேன்னு எனக்கு உண்மையாவே ஆதங்கம் உண்டு.

என்கிட்ட 1968லேர்ந்து 71 வரைக்கும் எங்க காலேஜ் மலர் இருக்கு, குரூப் போட்டோவும் இருக்கு. எனக்கு வயசாகுது, பசங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல. என்ன பண்ணட்டும்?
- ஒரு வாசகர், திருச்சி

முதல்ல அந்த குரூப் போட்டோவை எடுத்து, யார் யாரை ஞாபகம் இருக்கோ அவங்க பேரை இன்னிக்கே ஒரு தாள்ல எழுதுங்க ஐயா. போட்டோவுக்குப் பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுத வேண்டாம், முன்பக்கம் பதிஞ்சிடும். தனித் தாள்ல வரிசைப்படி எழுதி, போட்டோவோட ஒரே கவர்ல வைங்க. ஞாபகம் வராத இடத்துல கேள்விக்குறி போட்டுட்டு, கூடப் படிச்சவங்க யாராவது இருந்தா போன் பண்ணிக் கேளுங்க.

மலரை லேமினேட் பண்ணாதீங்க, கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, அந்தப் பசை மஞ்சளாகி தாளையே அரிச்சிடும். படுக்க வெச்சு, வெயில் படாத, ஈரம் இல்லாத அலமாரியில வைங்க, வசம்பை துணியில முடிஞ்சு பக்கத்துல போடலாம், பக்கங்களுக்கு நடுவுல வேப்பிலை வெக்க வேண்டாம், கறை பிடிக்கும். ஸ்கேன் பண்ணும்போது அட்டையிலேர்ந்து கடைசி விளம்பரம் வரைக்கும் ஒரு பக்கம் விடாம, குறைஞ்சது 300 டிபிஐல பண்ணச் சொல்லுங்க, யாராவது கையால எழுதிக் குடுத்த வரிகள் இருந்தா அதையும் சேர்த்து.

அப்புறம் உங்க காலேஜ் லைப்ரரிக்கு நேர்ல போய் இந்த நாலு வருஷத்து மலர் அங்க இருக்கான்னு கேளுங்க. பல இடத்துல இருக்காது. இல்லன்னா காப்பியைக் குடுத்துட்டு ரசீது வாங்கிக்கோங்க, ஒரிஜினலை யாருக்குக் குடுக்கணும்னு எழுதி வெச்சு பசங்ககிட்ட சொல்லிடுங்க. பேர் எழுதின அந்தத் தாளோட ஒரு ஜெராக்ஸ் எங்க அலுவலகத்துக்கும் அனுப்புங்க, அதே செட்ல படிச்ச வாசகர்கள் யாராவது கேள்விக்குறி போட்ட இடத்தை நிரப்பறாங்களான்னு அடுத்த மாசம் இதே பக்கத்துல கேட்டுப் பார்ப்போம்.